ஒன்பது நாள் 'காது அடைப்பு': திடீர் நரம்புவழிச் செவித்திறன் இழப்பு பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

46 வயதுப் பள்ளி ஆசிரியை. காலையில் கண் விழித்தபோது இடது காது அடைத்திருந்தது. முந்தைய நாள் குளித்தபோது தண்ணீர் போயிருக்கும் என்று எண்ணித் தலையைச் சாய்த்துத் தட்டிப் பார்த்தார். கொட்டாவி விட்டார். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊதினார். அடைப்பு விடவில்லை. எங்கோ தொலைவில் மோட்டார் ஓடுவதுபோல் காதுக்குள் ஓர் இரைச்சல் மட்டும் நிற்காமல் இருந்தது. எழுந்து நடந்தபோது சில நிமிடங்கள் கால் தடுமாறியது. பிறகு அதுவும் சரியாகிவிட்டது. வலி இல்லை, சீழ் இல்லை, காய்ச்சல் இல்லை. பத்து நாள்களுக்கு முன் சளி பிடித்திருந்தது.

இரண்டாம் நாள் ஒரு மருத்துவரிடம் போனார். அவர் கருவியால் காதுக்குள் பார்த்தார். செவிப்பறை நன்றாக இருந்தது. சளியால் காதுக்கும் மூக்குக்கும் இடையிலுள்ள குழாய் அடைத்திருக்கிறது, ஒரு வாரத்தில் விட்டுவிடும் என்று சொல்லி மூக்குச் சொட்டு மருந்தும் ஒவ்வாமை மாத்திரையும் தந்தார். ஆறாம் நாள் மீண்டும் போனபோது ஆன்டிபயாடிக் மாத்திரையும் குறும்பியை இளக்கும் சொட்டு மருந்தும் சேர்ந்தன.

ஒன்பதாம் நாள் மாலை விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. வலது கையில் பேனா இருந்ததால் இடது கையால் எடுத்து இடது காதில் வைத்தார். எதிர்முனையில் ஒரு சத்தமும் இல்லை. இணைப்பு அறுந்துவிட்டது என்று நினைத்துக் காதை மாற்றினார். தங்கை பேசிக்கொண்டேதான் இருந்திருக்கிறார். மீண்டும் இடது காதில் வைத்தார், ஒன்றும் இல்லை. 'அடைத்திருக்கிறது என்று நினைத்தேன் டாக்டர். கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது' என்றார், மறுநாள் காலை எங்கள் முன் உட்கார்ந்து.

இந்த நிகழ்வை எழுதுவதற்கு அவர் ஒப்புதல் தந்திருக்கிறார். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கியிருக்கிறேன்.

பரிசோதனை

இடது செவிக்கால்வாய் சுத்தமாக இருந்தது. செவிப்பறை முத்துச்சிப்பியின் உட்புறம்போல் பளபளத்தது. காற்றை மெல்ல அழுத்திப் பார்த்தால் தாராளமாக அசைந்தது. நடுக்காதில் நீர் தேங்கியிருந்தால் இப்படி அசையாது. ஆக, அடைப்புக்கான காரணம் எதுவும் வெளிக்காதிலும் இல்லை, நடுக்காதிலும் இல்லை. இந்த இடத்தில் பரிசோதனையை நிறுத்திவிட்டால் 'காதில் ஒன்றும் இல்லை' என்ற முடிவுக்கு வருவது மிக எளிது. ஒன்பது நாள் போனது இந்த இடத்தில்தான்.

அடுத்து, தட்டினால் ஒரே சுருதியில் ஒலிக்கும் 512 ஹெர்ட்ஸ் இசைக்கவையை எடுத்தேன். 1711இல் ஜான் ஷோர் என்ற ஆங்கிலேய எக்காளக் கலைஞர் இசைக்கருவிகளுக்குச் சுருதி சேர்ப்பதற்காக உருவாக்கிய பொருள் அது. மருத்துவத்துக்கு அது வந்து சேர ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. 1834இல் எர்ன்ஸ்ட் ஹைன்ரிஷ் வேபரும் 1855இல் ஹைன்ரிஷ் அடால்ஃப் ரின்னேயும் விவரித்த இரண்டு சோதனைகள் இன்றும் அவர்கள் பெயராலேயே வழங்குகின்றன. இரண்டையும் செய்து முடிக்க இரண்டு நிமிடம் போதும்.

முதலில் வேபர். கவையை முழங்கையில் தட்டி, அதன் காம்பை நெற்றியின் நடுவில் வைத்தேன். எந்தப் பக்கம் கேட்கிறது என்று கேட்டேன். 'வலப்பக்கம்' என்றார். உடனே அவரே குழம்பினார்: 'கெட்டிருப்பது இடது காதுதானே, சத்தம் ஏன் வலப்பக்கம் போகிறது?'

அவர் கேட்டது மிகச் சரியான கேள்வி. குறும்பியோ நடுக்காது நீரோ அடைத்திருந்தால் சத்தம் அடைத்த காதுக்குத்தான் போகும். யாரும் தம் காதை விரலால் மூடிக்கொண்டு 'ம்' என்று முனகிப் பார்க்கலாம். மூடிய பக்கமே ஒலி ஓங்கிக் கேட்கும். வெளியிலிருந்து வரும் ஓசை அங்கே தடைபடுகிறது; எலும்பு வழியே வரும் அதிர்வும் வெளியேற வழியின்றி உள்ளேயே நிற்கிறது. ஆனால் உட்காதோ கேள்நரம்போ பழுதுபட்டிருந்தால், அதிர்வு வந்து சேர்ந்தாலும் அதை வாங்கிக்கொள்ள அங்கே ஆளில்லை. சத்தம் நல்ல காதுக்குப் போய்விடும். அடைப்பு என்று சொல்லி வந்தவருக்குச் சத்தம் எதிர்ப்பக்கம் போனால், அந்த நொடியிலேயே நம் கவலையின் திசையும் மாற வேண்டும்.

அடுத்து ரின்னே. வலது காதில் எதிர்பார்த்தபடியே, எலும்பின் மீது வைத்ததைவிடக் காதருகே பிடித்தபோது சத்தம் ஓங்கிக் கேட்டது. இடது காதில் முடிவு தலைகீழாக வந்தது. காதின் பின்னெலும்பில் வைத்தபோது 'நன்றாகக் கேட்கிறது' என்றார்; காதருகே கொண்டுவந்தபோது 'போய்விட்டது' என்றார். இதை எதிர்மறை ரின்னே என்பார்கள். பாடப்புத்தகத்தின்படி இது கடத்தல் வகை இழப்பு, அதாவது அடைப்பு. முந்தைய மருத்துவர் ரின்னே சோதனையை மட்டும் செய்திருந்தால்கூட அவருடைய முடிவு உறுதிப்பட்டிருக்கும். அதனால்தான் இதைச் சற்று விரித்து எழுதுகிறேன்.

கவையை மறுபடியும் இடது பின்னெலும்பில் வைத்து, 'எந்தக் காதில் கேட்கிறது, விரலால் தொட்டுக் காட்டுங்கள்' என்றேன். அவர் வலது கையை உயர்த்தி வலது காதைத் தொட்டார். மண்டையோடு முழுவதும் ஒரே எலும்புக்கூடு. இடப்பக்கம் வைத்த அதிர்வு ஏறத்தாழ வலுக்குறையாமல் வலது உட்காதைப் போய்ச் சேர்கிறது. இடது காதுக்காக வலது காது பதில் சொல்லிக்கொண்டிருந்தது. பாரனி இரைச்சல் பெட்டியை வலது காதில் பொருத்தி அதன் கவனத்தைக் கட்டிப்போட்ட பிறகு மீண்டும் கவையை வைத்தேன். இப்போது இடது எலும்பில் ஒன்றும் கேட்கவில்லை என்றார். பொய்யான எதிர்மறை ரின்னே என்பது இதுதான்.

கண் நடுக்கம் இல்லை. தலையைச் சட்டென்று திருப்பும் சோதனையில் பார்வை நிலைத்து நின்றது. முகநரம்பு, பேச்சு, விழுங்குதல், கைகால் ஒருங்கிணைவு அனைத்தும் சரியாக இருந்தன. இவற்றைப் பார்க்காமல் விடக் கூடாது. உட்காதுக்கு இரத்தம் கொண்டுபோகும் தமனி பெரும்பாலோருக்குச் சிறுமூளைத் தமனி ஒன்றின் கிளையாகவே வருகிறது. திடீர்க் காது கேளாமையும் கடும் தலைச்சுற்றலும் சேர்ந்து வந்தால் அது மூளைப் பக்கவாதத்தின் முதல் குரலாகவும் இருக்கலாம்.

அன்று பகலிலேயே ஒலிபுகா அறையில் கேட்புத்திறன் அளவிடப்பட்டது. இந்த அளவீட்டில் எண் கூடக் கூடக் கேட்பு குறைவு என்று பொருள். வலது காது 500, 1000, 2000, 4000 ஹெர்ட்ஸில் சராசரி 15 டெசிபல், இயல்பு. இடது காதில் அந்த நான்கும் முறையே 60, 65, 70, 75 டெசிபல்; சராசரி 67.5. எலும்புவழி அளவும் காற்றுவழி அளவும் ஒட்டியே இருந்தன. சொற்களைப் பிரித்தறியும் திறன் இடது காதில் 32 விழுக்காடு. ஒலியை எவ்வளவு கூட்டினாலும் மூன்று சொல்லில் ஒன்றைத்தான் சரியாகத் திருப்பிச் சொன்னார். நடுக்காது அழுத்த வரைபடம் இரு பக்கமும் இயல்பு.

72 மணி நேரத்துக்குள், அடுத்தடுத்த மூன்று அலைவெண்களில், 30 டெசிபலுக்குக் குறையாத நரம்புவழி இழப்பு (உட்காதோ கேள்நரம்போ பழுதுபட்டு வருவது) என்பதே திடீர் நரம்புவழிச் செவித்திறன் இழப்புக்கு வழக்கமாகக் கொள்ளப்படும் வரையறை. முந்தைய அளவீடு பெரும்பாலும் யாரிடமும் இருக்காது. அதனால் மறு காதோடு ஒப்பிடுகிறோம். எங்கள் நோயாளி இந்த வரையறைக்குள் ஐயமின்றி அடங்கினார்.

மாறுபாட்டு மருந்து செலுத்தி எடுத்த எம்.ஆர்.ஐ. படத்தில் கேள்நரம்புக் கட்டி இல்லை. இத்தகைய நோயாளிகளில் மிகச் சிலரிடம் அது இருக்கிறது. சிகிச்சையில் காது தேறிவிட்டால்கூடக் கட்டி இல்லை என்று முடிவு கட்ட முடியாது; ஆகவே படம் எடுக்காமல் விடுவதில்லை. காரணம் தேடி இரத்தப் பரிசோதனைகளை நீளப் பட்டியலாக எழுதும் வழக்கத்தை அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் அமைப்பின் 2019 வழிகாட்டி பரிந்துரைக்கவில்லை. தலைக்கு வழக்கமாக சி.டி. எடுப்பதையும் வேண்டாம் என்கிறது. இந்த நோய்க்கு வழக்கமாகத் தரும், அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு மருந்தைக் கொடுக்கப்போவதால் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் மட்டும் பார்த்தோம். இரண்டும் பாதுகாப்பான அளவில் இருந்தன.

சிகிச்சையும் போக்கும்

மருந்து எழுதும் முன் அவரோடு அரை மணி நேரம் பேசினேன். ஸ்டீராய்டு பலன் தரும் என்று உறுதியளிக்க முடியாது. கொடுக்காமலே தேறியவர்களும் உண்டு. கொடுத்தும் தேறாதவர்களும் உண்டு. தூக்கம் கெடலாம், வயிறு எரியலாம், சர்க்கரை ஏறலாம். பத்தாம் நாள் ஆகிவிட்டதால் வாய்ப்பு முன்பைவிடக் குறைந்திருக்கிறது என்பதையும் மறைக்கவில்லை. அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, 'இரண்டாம் நாளே வந்திருந்தால்?' என்று கேட்டார். 'வாய்ப்பு கூடுதலாக இருந்திருக்கலாம்' என்றேன். அதற்கு மேல் சொல்வது பொய்யாகியிருக்கும். அதற்குக் குறைவாகச் சொல்வதும் பொய்தான்.

அவருடைய எடை 61 கிலோ. பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை 60 மில்லிகிராம், காலை ஒரே வேளையாக, பத்து நாள். பிறகு ஐந்து நாளில் படிப்படியாகக் குறைத்தோம். ஆன்டிபயாடிக்கையும் இரண்டு சொட்டு மருந்துகளையும் நிறுத்தினோம். வைரஸ் எதிர்ப்பு மருந்தோ இரத்தக் குழாயை விரிக்கும் மருந்தோ தரவில்லை. அவற்றால் பலன் உண்டு என்பதற்குச் சான்று இல்லை.

21ஆம் நாள் அளவீட்டில் இடது காதின் சராசரி 60 டெசிபல். ஏழரை டெசிபல்தான் தேறியிருந்தது. சொல் பிரித்தறிதல் 44 விழுக்காடு. இது நிறைவான தேறுதல் இல்லை என்பதால் அடுத்த கட்டமாகச் செவிப்பறை வழியே மருந்து செலுத்தும் முறைக்குப் போனோம். முழுமையாகத் தேறாதவர்களுக்கு நோய் தொடங்கிய இரண்டாவது வாரத்துக்கும் ஆறாவது வாரத்துக்கும் இடையில் இதை அளிக்க வேண்டும் என்று அதே வழிகாட்டி பரிந்துரைக்கிறது.

ஊசி என்றதும் அவர் முகம் வெளுத்தது. காதுக்குள் ஊசியா என்று யாருக்கும் பதறத்தான் செய்யும். டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டுக் குப்பியை உள்ளங்கையில் சில நிமிடம் பொத்தி வைத்து உடல் சூட்டுக்குக் கொண்டுவந்தேன். குளிர்ந்த மருந்து நடுக்காதில் பட்டால் உலகமே சுழலும். மல்லாந்து படுக்கவைத்துத் தலையை வலப்பக்கம் திருப்பி, மரத்துப்போகும் மருந்தைச் செவிப்பறையில் வைத்துக் காத்திருந்து, நுண்ணோக்கியின் கீழ் மெல்லிய ஊசியால் அரை மில்லிலிட்டருக்கும் சற்றுக் குறைவாகச் செலுத்தினேன். செவிப்பறைக்குப் பின்னால் தண்ணீர்மட்டம் ஏறுவது கண்ணுக்குத் தெரிந்தது. அரை மணி நேரம் அப்படியே படுத்திருக்க வேண்டும். பேசவும் கூடாது, எச்சில் விழுங்குவதையும் கூடியவரை தவிர்க்க வேண்டும். விழுங்கும்போது குழாய் திறந்து மருந்து தொண்டைக்கு வடிந்துவிடும். உட்காதின் வட்டச் சாளரச் சவ்வின் மீது மருந்து தேங்கி நின்றால்தான் அது ஊறி உள்ளே போகும். இரண்டு வாரத்தில் நான்கு முறை இப்படிச் செய்தோம். செவிப்பறைத் துளைகள் தாமாகவே மூடிக்கொண்டன.

இரண்டாம் மாத இறுதியில் சராசரி 45 டெசிபல். சொல் பிரித்தறிதல் 68 விழுக்காடு. ஆறாம் மாதம் 44 டெசிபலை ஒட்டி நின்றது. சொற்கள் 72 விழுக்காடு. தாழ்ந்த அலைவெண்களில் காது நன்கு மீண்டது: 500 ஹெர்ட்ஸில் 60 டெசிபலாக இருந்தது 30 ஆயிற்று. 4000 ஹெர்ட்ஸில் 75 என்பது 60 வரைதான் வந்தது. இரைச்சல் ஓயவில்லை, ஆனால் தூக்கத்தைக் கெடுப்பதில்லை என்கிறார்.

எண்கள் சொல்லாத ஒன்றையும் எழுத வேண்டும். முதல் இரண்டு மாதம் அவரை மிகவும் வருத்தியது, வகுப்பில் எந்தப் பிள்ளை பேசுகிறது என்று தெரியாமல் போனதுதான். ஒலி வரும் திசையை மூளை இரண்டு காதுகளின் வேறுபாட்டிலிருந்தே கணக்கிடுகிறது. ஒன்று போய்விட்டால் வகுப்பே ஒரே திசையிலிருந்து பேசுகிறது. கை தூக்கிவிட்டுப் பேசுங்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டு, இடப்பக்கச் சுவரை ஒட்டி நின்று பாடம் நடத்தினார். ஒரு காது நன்றாகத்தானே இருக்கிறது என்று ஆறுதல் சொல்பவர்களுக்கு இந்தத் துன்பம் தெரிவதில்லை. மூன்றாம் மாதம் இடது காதுக்குக் கருவி பொருத்திப் பார்த்தோம். வகுப்பில் மட்டும் அணிகிறார்.

இதிலிருந்து எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது

ஸ்டீராய்டால்தான் இவர் தேறினார் என்று நான் எழுத மாட்டேன். ஒற்றை நோயாளியை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. தானாகவே தேறுபவர்கள் பலர் உள்ள இந்த நோயில் அறவே முடியாது. 1977இல் மாட்டாக்ஸும் சிம்மன்ஸும் வெளியிட்ட ஆய்வில் ஏறத்தாழ 65 விழுக்காட்டினர் தாமாகவே பயன்படும் அளவுக்குத் தேறினார்கள். 1980இல் வில்சன் குழுவின் ஆய்வில் ஸ்டீராய்டு பெற்றவர்களில் 61 விழுக்காட்டினரும் போலி மாத்திரை பெற்றவர்களில் 32 விழுக்காட்டினரும் தேறினார்கள். அரை நூற்றாண்டாக நாம் ஸ்டீராய்டு எழுதிவருவதற்குப் பெரிதும் ஆதாரம் அந்த 1980 ஆய்வுதான். இழப்பு நடு அலைவெண்களில் இருந்தால் மருந்தின்றியே தேறுவதையும், அடியோடு கேளாமல் போனால் மருந்திருந்தும் தேறாததையும், இடையிலுள்ளவர்களிடம்தான் வேறுபாடு தெரிவதையும் அவர்கள் கவனித்தார்கள். எங்கள் நோயாளி அந்த இடைப்பகுதியில் இருந்தவர்.

அதன் பிறகு சான்று வலுப்பட்டிருக்க வேண்டும், வலுப்படவில்லை. 2013இல் வெளியான, பல சோதனைகளின் முடிவுகளைச் சேர்த்து மதிப்பிடும் காக்ரேன் தொகுப்பாய்வு, தகுதியான மூன்று சோதனைகளை, மொத்தம் 267 நோயாளிகளை எடுத்துக்கொண்டு, வாய்வழி ஸ்டீராய்டின் பயன் தெளிவாகவில்லை என்றே முடித்தது. 2011இல் அமெரிக்காவில் 250 பேரிடம் நடந்த சோதனையில் மாத்திரை பெற்றவர்களுக்குச் சராசரி 30.7 டெசிபலும் காதுக்குள் ஊசி பெற்றவர்களுக்கு 28.7 டெசிபலும் மீண்டன. ஊசி மாத்திரையைவிடக் குறைந்ததல்ல என்று அது காட்டியது. ஆனால் இரண்டுமே பெறாத குழு அதில் இல்லை. அளவைக் கூட்டினால் பலன் கூடுமா என்று ஜெர்மனியில் 325 பேரிடம் சோதித்துப் பார்த்தார்கள். 2024இல் வெளியான அதன் முடிவு: வழக்கமான 60 மில்லிகிராம் முறையைவிட உயர் அளவு மேம்பட்டதாக இல்லை, பக்கவிளைவுகள்தான் கூடின. காது போய்விடுமோ என்ற பதற்றத்தில் மருந்தளவை ஏற்றும் கைக்கு இந்த முடிவு ஒரு கடிவாளம். அதை நான் மனமார வரவேற்கிறேன்.

இவ்வளவு தடுமாற்றம் ஏன் என்றால், எதைக் குணப்படுத்துகிறோம் என்பதே நமக்குத் தெரியாது. பெரும்பாலான நோயாளிகளிடம் காரணம் கண்டறியப்படுவதே இல்லை. இரத்த ஓட்டம் தடைபட்டதா, வைரஸா, உடலின் எதிர்ப்புச் சக்தியே தாக்கியதா? உட்காதில் ஒலியை உணரும் உறுப்பான, நத்தைச் சுருள்போன்ற காக்லியாவுக்கு வரும் தமனிக்கு மாற்றுப் பாதை கிடையாது; அதில் சிறு தடை விழுந்தாலும் பாதிப்பு உறுதி. ஆனால் உடலின் மிகக் கெட்டியான எலும்புக்குள் பட்டாணி அளவில் புதைந்திருக்கும் அந்த உறுப்பிலிருந்து, உயிரோடிருப்பவரிடம் துணுக்கு எடுத்துப் பார்க்க வழியில்லை. எடுத்தால் கேட்கும் திறனே போய்விடும். உள்ளே, ஒலி அதிர்வை நரம்புச் செய்தியாக மாற்றும் மயிரணுக்கள் சுமார் 15,000 மட்டுமே இருக்கின்றன. பறவைகளில் அழிந்த மயிரணு மீண்டும் முளைக்கிறது என்று 1980களின் பிற்பகுதியில் கண்டறிந்தார்கள்; முதிர்ந்த மனிதக் காதில் அது நடப்பதில்லை.

மருந்து பற்றிய ஐயம் இவ்வளவு இருக்கும்போது ஒன்பது நாள் தாமதத்துக்கு ஏன் இத்தனை வருந்துகிறாய் என்று ஒரு சக மருத்துவர் என்னிடம் கேட்டார். அந்த ஐயத்தால்தான் வருந்துகிறேன். உறுதியான மருந்து கையில் இருந்தால் தாமதத்தை மருந்தின் வலிமையால் ஈடுகட்டலாம். நம்மிடம் இருப்பதோ, முதல் இரண்டு வாரத்தில் கொடுத்தால் உதவக்கூடிய, உதவாமலும் போகக்கூடிய ஒரு வாய்ப்பு. அதை ஏற்பதா மறுப்பதா என்று முடிவெடுக்கும் உரிமை நோயாளிக்கு உண்டு. குழாய் அடைப்பு என்று சொல்லி அனுப்பியபோது அந்த உரிமை அவர் அறியாமலே அவரிடமிருந்து போய்விட்டது.

முதலில் பார்த்த மருத்துவரிடம் போனில் பேசினேன். அவர் தயங்காமல் ஒப்புக்கொண்டார்: செவிப்பறை நன்றாக இருந்ததால் நிம்மதியடைந்துவிட்டேன், இசைக்கவை மேசை இழுப்பறையில்தான் இருந்தது. காது அடைப்பு என்று வருபவர்களில் பலருக்கு அவர் சொன்னதுதான் உண்மையில் காரணமாக இருக்கும். அதனால்தான் இந்த ஒருவரைத் தவறவிடுவது இவ்வளவு எளிதாகிறது. இப்போது கவையை மேசை மீதே வைத்திருப்பதாகச் சொன்னார்.

சிகிச்சையின் முதல் வாரத்தில் நோயாளிக்கு ஒரு சிறு வழி சொல்லித் தந்திருந்தேன்: கருவி எதுவும் வேண்டாம், வாயை மூடிக்கொண்டு 'ம்' என்று முனகி, ஒலி எந்தப் பக்கம் நிற்கிறது என்று பாருங்கள். வலது காதில் என்றாவது அடைப்புத் தோன்றி, முனகல் இடப்பக்கம் போனால் அன்றே வாருங்கள், மறுநாளுக்குத் தள்ளாதீர்கள். அவர் அதை ஒவ்வொரு காலையும் செய்கிறார். ஆறாம் மாதம் வந்தபோது நாற்காலியில் உட்கார்ந்ததும் தாமாகவே கண்ணை மூடி ஒருமுறை முனகினார். 'இன்னும் வலப்பக்கம்தான் டாக்டர்' என்றவர், விரலை வலது காதின் மேலிருந்து மெல்ல நகர்த்திப் புருவத்துக்கு மேல் கொண்டுவந்து நிறுத்தினார். 'ஆனால் இங்கே வந்திருக்கிறது.'